பத்து மூச்சு பார்த்துத் தரும் கடை

சுழியோடிகளுக்குக் காற்று நிரப்பிக் கொடுக்கும் கடை ஒன்று எங்கள் ஊரில் இருந்தது என்று இப்போது யாரிடமாவது சொன்னால், "ஓ, அந்தக் காத்து வித்த மனிசனோ" என்று சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அந்த நாளில் நானும் சேர்ந்து சிரித்தவள் என்பதால் கோபம் இரண்டு மடங்காகும். ஊரில் எத்தனையோ பேர் எதையெதையோ விற்றார்கள். கலப்படப் பாலும் புழுத்த மாவும் விற்றவர்களை முதலாளி என்று கும்பிட்டோம். சுத்தமான காற்றை விற்றவர் மட்டும் எங்களுக்குப் பகிடியாகப் போனார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் திருகோணமலை ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். என் கணவர் புறாமலைப் பக்கம் கடலுக்குள் இறங்கி, கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கிற வண்ண மீன்களைச் சிறு கைவலையால் பிடிப்பார். உயிரோடு பிடித்ததைக் கொழும்பு வியாபாரி ஒருவருக்கு அனுப்புவார். கிழமைக்கு ஒருநாள் பின்னேரம் லொறி வரும். லொறி வருகிற நாளில் மீன் இல்லையென்றால் அந்தக் கிழமை வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். ஆகவே அவர் முதுகில் கட்டிக்கொண்டு போகிற காற்றுச் சிலிண்டர்களுக்கும் எங்கள் குசினி அடுப்புக்கும் நேரடித் தொடர்பு இருந்தது.

கடை உள்துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இருந்தது. முன்கதவு தெருவைப் பார்த்தது, பின்கதவு ஒரு சிறு ஒழுங்கை வழியாகத் தண்ணீரைப் பார்த்தது. கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைத் துறையில் கப்பல்களின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற சுழியோடியாக வேலை பார்த்தவர். அவர்கள் போனபின் ஏலத்தில் ஒரு பழைய மெஷினை எடுத்து இந்தக் கடையைப் போட்டார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல, எல்லோருக்கும் அவர் நானா. எனக்கும் நானாதான். அவர் என்னை மிஸ்ஸி என்பார், தாதிமாரை அங்கே எல்லோரும் கூப்பிடுவது போல.

அந்தக் கடையில் சிலிண்டர் நிரப்பப் போகிறவர் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போகவேண்டும் என்று சொல்வார்கள். அவ்வளவு சுணக்கம். மெஷின் காற்றை இழுக்கிற குழாயைக் கூரைக்கு மேலே, பக்கத்துத் தென்னை மரத்தின் பாதி உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டியிருந்தார். அப்படிக் கட்டியும் அவருக்குத் திருப்தியில்லை. உள்துறைமுகப் பக்கமிருந்து காற்று வருகிற நேரத்தில்தான் மெஷினை ஓட்டுவார். காற்றுத் திரும்பி பஸ் நிலையப் பக்கமிருந்து வரத் தொடங்கினால், சிலிண்டர் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுவார். கப்பல் ஒன்று புகை விட்டால் நிறுத்துவார். யாரோ வேலியோரம் குப்பை கொளுத்தினால் நிறுத்துவார். வெளிநாட்டுப் பொருள் எதுவுமே வராத காலம் அது. மெஷினுக்கு வடிகட்டி கிடைக்காது. அவர் தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, இடித்து, அரித்து, பஞ்சோடு சேர்த்து அடைத்துத் தானே வடிகட்டி செய்தார். பத்து நாளுக்கு ஒருமுறை அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக அடைப்பார்.

இதெல்லாம் முடிந்தபின்தான் பெரிய கூத்து. நிரம்பிய ஒவ்வொரு சிலிண்டரிலும் வாய்க்குழாயைப் பூட்டி, மர வாங்கில் உட்கார்ந்து, மூக்கை விரலால் பொத்திக்கொண்டு, பத்து மூச்சு இழுப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யார் கதைத்தாலும் பதில் வராது. பத்தாவது மூச்சுக்குப் பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "கொண்டு போங்க" என்பார். சில வேளை ஒன்றும் சொல்லாமல் வால்வைத் திறந்து, நிரப்பிய காற்று முழுவதையும் சீறிக்கொண்டு வெளியே போகவிடுவார். எண்ணெய் ருசி அடித்தால் அப்படித்தான். ஒரு மணித்தியாலம் காத்திருந்தவனுக்கு அந்தச் சீறலைக் கேட்க எப்படி இருக்கும்? எங்கள் காற்றைக் குடித்துவிட்டு மிச்சத்தைத் தருகிறார் என்று என் கணவரே முணுமுணுத்திருக்கிறார்.

எனக்கு அந்த வாய்தான் பிரச்சினை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் கடையில் நாலைந்து பேர் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"நானா, உங்கட வாய் வச்ச குழாயில இவர் வாய் வைக்கிறதோ? இது சுகாதாரமில்லாத வேலையெல்லோ?"

அவர் கோபப்படவில்லை. வாய்க்குழாயைக் கழற்றிக் காட்டினார். அது அவருடைய சொந்தக் குழாய், சிலிண்டரோடு போகிறதில்லை.

"இது என்ட. உங்கட ஆக்களுக்கு அவங்கட குழாய் இருக்கு, மிஸ்ஸி. சிலிண்டரில வாய் படாது."

"அப்பிடியெண்டாலும், பாக்க வடிவா இல்லை."

"ஓம், வடிவில்லைத்தான்" என்றார். பிறகு அடுத்த சிலிண்டரை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

என் கையில் நியாயம் இல்லை என்று தெரிந்த பிறகும் விட மனமில்லாமல் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைக்காக நான் பின்னால் வெட்கப்பட்டேன். கடையில் நின்ற நாலைந்து பேரில் ஒருவர் ஹோட்டலின் களஞ்சியப் பொறுப்பாளர். அதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஹோட்டல் என்று நான் சொல்வது வடக்குக் கடற்கரையில் புதிதாக எழும்பியிருந்த ஒன்றை. வெள்ளைக்காரர் வந்து வெயிலில் கிடப்பார்கள், புறாமலைக்குப் போய்ச் சுழியோடுவார்கள். முதல் இரண்டு வருடமும் அவர்களின் சிலிண்டர்கள் நானாவிடம்தான் வந்தன. பிறகு ஹோட்டல்காரருக்கு அந்தச் சுணக்கம் ஒத்துவரவில்லை. ஊரில் ஒரு சைக்கிள் டயர் வாங்க ஏலாத காலத்தில் அவர்களுக்கு மட்டும் எங்கிருந்தோ அனுமதி கிடைத்து, புத்தம்புது மெஷின் வந்து இறங்கியது. கால் மணித்தியாலத்தில் ஒரு சிலிண்டர். அதைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள் தெரியுமா? பின்வளவில், மின்சாரம் போனால் ஓட்டுகிற ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். சத்தம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று. அதை வைத்தவனுக்கும் மூக்கு இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

லொறி வருகிற நாள் ஒன்றில் காலையிலேயே பட்டினசபைக்காரர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குப்பையைக் குவித்துக் கொளுத்தினார்கள். காற்றும் அந்தப் பக்கமிருந்து வந்தது. என் கணவர் இரண்டு வெறும் சிலிண்டரோடு கடைக்குப் போய், வெறும் சிலிண்டரோடே திரும்பி வந்தார்.

"ஏலாதாம். நாளைக்காம்" என்றார்.

"லொறி இண்டைக்கெல்லோ வருது?"

"சொன்னனான். காத்துத் திரும்பினால்தான் எண்டு நிக்கிறார்."

எனக்கு வந்த கோபத்தில், காற்று நிரப்பவும் நல்ல நேரம் பார்க்கிற மனிதனை நான் இப்போதுதான் காண்கிறேன் என்றேன். களஞ்சியக்காரரின் மனைவியின் பிரசவத்தில் நான் நின்றிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை வைத்து, ஹோட்டல் மெஷினில் இரண்டு சிலிண்டரையும் நிரப்ப ஒழுங்கு செய்தவள் நான்தான். என் கணவர் தயங்கினார். நான் தள்ளி அனுப்பினேன். நானா மறுத்த பிறகு, அதே காலையில் ஊரில் மின்சாரம் நின்றுபோனது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலும் இல்லை. ஹோட்டலின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் தாண்டி ஒரு மணியளவில் படகுக்காரன் அவரை ஒரு வான் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். நான் கடமையில் இருந்தேன். மேலே வரும்போதே தள்ளாடினாராம். படகின் விளிம்பைப் பிடிக்கக் கை எழவில்லையாம். படகுக்காரன் முடியைப் பிடித்துத்தான் இழுத்திருக்கிறான். சத்தி எடுத்து நெஞ்செல்லாம் நனைந்திருந்தது. தலை வெடிக்கிறது என்றார். என் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முகம் மட்டும் நல்ல சுகதேகியைப் போலச் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் டொக்டரைக் கூப்பிட ஓடினேன். அடைத்த அறையில் அடுப்புப் புகையில் மயங்கினவர்களிடம் அந்த நிறத்தை நான் பார்த்திருக்கிறேன்.

டொக்டர் ஒட்சிசன் கொடுத்தார். பின்னேரம் கண் தெளிந்தது. "எஞ்சின் புகை கலந்த காற்றை இழுத்திருக்கிறார். இன்னும் பத்து நிமிஷம் கீழே நின்றிருந்தால் கதை வேறு" என்றார் டொக்டர். அந்தக் கிழமை ஹோட்டல் விருந்தாளிகள் இரண்டு பேர்கூடத் தலையிடி, வாந்தி என்று வந்திருந்ததை அப்போதுதான் நான் கூட்டிப் பார்த்தேன். அவர்களுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஹோட்டலில் இருந்து வந்தவர் சொன்னார். நாங்களும் வெயில் என்றே மருந்துத் துண்டில் எழுதியிருந்தோம்.

நியாயப்படி பார்த்தால் அடுத்த நாள் அந்த மெஷினைப் பூட்டியிருக்க வேண்டும். நடந்தது வேறு. என் கணவரின் சிலிண்டர்கள் நானாவின் கடைச் சிலிண்டர்கள், கிழமைக்கு வாடகைக்கு எடுத்தவை, நானாவின் பச்சை நிறம் பூசியவை. அது போதாதா? நானாவின் காற்றில் ஆள் சாகப் பார்த்தது என்று மூன்றே நாளில் ஊர் முழுக்கக் கதை. நாலாம் நாள் கச்சேரிக்கு, அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு, ஒரு முறைப்பாடு போனது. கையெழுத்து ஹோட்டல் மனேஜருடையது. பொதுமக்களின் பாதுகாப்புக்காக அந்தக் கடையின் அனுமதியை ரத்துச் செய்யவேண்டும். பழைய மெஷின், கரியடைத்த வடிகட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு சிலிண்டரிலும் வாய்வைத்து ஊதுகிற அருவருப்பான பழக்கம். இது சுகாதாரக் கேடு என்று அரசாங்க ஆஸ்பத்திரித் தாதி ஒருவரே சாட்சிகளின் முன் கண்டித்திருக்கிறார்.

கச்சேரியில் வேலை செய்த உறவுக்காரர் ஒருவர் இதை எனக்குச் சொன்னபோது நான் வார்ட்டில் ஊசி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். என் வாயில் இருந்து விழுந்த ஒரு வீண்வார்த்தையை எடுத்து, அந்த மனிதரின் கடையைப் பூட்ட ஆணியாக அடிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, விசாரணைக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். என் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி கூரையைப் பார்த்தார்.

"களஞ்சியக்காரர் வந்திட்டுப் போனவர்" என்றார். "ஹோட்டலில விருந்தாளிகளைக் கடலுக்குக் கூட்டிப் போற வேலை தாறமெண்டு சொல்லினம். எங்களுக்கேன் வீண் கதை?"

"அந்தக் காத்தில நீங்கள் செத்துப்போயிருப்பியள்."

"சாகேல்லைத்தானே."

நான் அவரைக் காதலித்துக் கட்டினவள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் குசினியில் போய் இருந்தேன். செத்திருந்தால் அழுதிருப்பேன், சாகவில்லை என்பதால் வாயை மூடவேண்டும் என்றால் அது என்ன கணக்கு?

விசாரணைக்கு வருவார்கள் என்று நான் நினைத்த கூட்டம் வேறு. துறைமுகத்தில் நங்கூரம் பாறையில் சிக்கினால் நானாவைக் கூப்பிடுவார்கள். வலை கொழுவினால் நானா. மூதூர் போகிற லோஞ்சுப் படகின் விசிறியில் கயிறு சுற்றினால் நானா. யாராவது கடலில் தாண்டுபோனால், இரண்டு நாள் தேடி உடலை எடுத்துக் கரையில் கிடத்திவிட்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போவார் நானா. இதில் ஒன்றுக்கும் அவர் கைநீட்டி வாங்கியதை நான் காணவில்லை. கச்சேரி விறாந்தையில் அன்று அவரும் அவருடைய மனைவியும் மட்டும் நின்றார்கள். மற்ற அத்தனை பேருக்கும் அன்றைக்குத்தான் வேலை வந்திருந்தது.

விசாரித்த அதிகாரி கெட்டவர் அல்லர். அவசரக்காரர்.

"உங்கட காற்று நல்ல காற்று எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று நானாவிடம் கேட்டார்.

"நான் முதல்ல இழுத்துப் பார்க்கிறன், ஐயா."

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மனேஜரும் சிரித்தார். நானா எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எனக்கு அதற்குமேல் பொறுக்க ஏலாமல் போனது. கூப்பிடாமலே எழும்பினேன்.

"அந்தத் தாதி நான்தான்" என்றேன். "சிலிண்டரை ஹோட்டலுக்குக் குடுத்துவிட்டதும் நான்தான். இவர் அண்டைக்கு நிரப்பித் தரமாட்டனெண்டவர். புகை வருதெண்டு தரமாட்டனெண்டவர். அந்தக் கோபத்தில நான் என்ட மனுசனை அங்க அனுப்பினனான். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில இருக்கிற மெஷினைப் போய்ப் பாருங்கோ, ஐயா. வாய் வைக்கிறது சுகாதாரமில்லையெண்டு நான் சொன்னது என்ட மடைத்தனம். சிலிண்டரில அவருடைய வாய் படுறேல்லை. அதையும் எழுதுங்கோ."

மனேஜர், தாதியம்மா கணவரின் வருத்தத்தால் குழம்பிப்போயிருக்கிறார் என்றார். களஞ்சியக்காரர், அப்படி எந்தச் சிலிண்டரும் ஹோட்டலுக்கு வரவில்லை என்றார். என்னுடைய கையால் பிள்ளை பெற்ற வீட்டுக்காரர் அவர். என் கணவர் அறையிலேயே இல்லை. அதிகாரி எழுதினார், எழுதினார், கடைசியில் காரணம் தெளிவாகவில்லை என்று முடித்தார். கடையைப் பூட்டச் சொல்லவில்லை. மெஷினைப் போய்ப் பார்க்கவும் இல்லை.

பூட்டாவிட்டால் மட்டும் என்ன? யாரும் கடைக்கு வரவில்லை. நல்ல காற்று என்று யாரும் எழுதித் தராத கடைக்கு யார் வருவார்கள்? உல்லாசப் பயணிகள் வருகிற மாதங்கள் அப்படியே கழிந்தன. நானா காலையில் கதவைத் திறந்து, தென்னையைப் பார்த்து, காற்றுப் பார்த்து, வாங்கில் உட்கார்ந்திருப்பார். நான் என் கணவரின் சிலிண்டர்களைக் கொண்டுபோவேன். ஹோட்டல் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. நானாவிடம் திரும்பிப் போக அவருக்கு மனமிருந்தது என்று பொய் சொல்லமாட்டேன், அதனால்தான் நான் கொண்டுபோனேன்.

டொக்டரிடம் ஒருநாள் கேட்டேன், பத்து மூச்சு இழுத்தால் புகை தெரியுமா என்று. எல்லா நேரமும் தெரியாது என்றார். கொல்கிற வாயுவுக்கு மணமில்லையாம். கூட வருகிற எண்ணெய் மணம்தான் காட்டிக்கொடுக்குமாம். உண்மையில் ஆளைக் காப்பாற்றியது உயரத்தில் கட்டிய குழாயும் காற்றுப் பார்த்த பொறுமையும்தான். ஆனால் தன் நெஞ்சுக்குள் முதலில் இழுக்கப்போகிறவன் அந்தக் குழாயிலும் பொறுமையிலும் களவு செய்யமாட்டான். ஒரு ஊர்க்கடையைத் தாங்கிப் பிடிக்க இதைவிட வேறு என்ன காரணம் வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தப் பருவம் முடியப்போகிற நேரம், ஒரு லீவு நாள் காலை நான் கடையில் நின்றேன். பின் ஒழுங்கையில் ஜீப் ஒன்று வந்து நின்றது. கதவில் ஹோட்டலின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. சாரதி இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு பின்கதவால் வந்தார். கொழும்பிலிருந்து ஹோட்டல் முதலாளி மனைவி மக்களோடு வந்திருக்கிறாராம். நாளைக்குப் புறாமலையில் இறங்கப் போகிறார்களாம். ஆறு சிலிண்டர் நிரப்ப வேண்டுமாம்.

"உங்களிட்டப் புது மெஷின் இருக்கெல்லோ?" என்றேன்.

நானா என்னைப் பார்த்து, "விடுங்க மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு, சிலிண்டர்களை இறக்க எழும்பினார்.

அவர் விடுவார். எத்தனை பேரை எத்தனை தரம் விட்டிருக்கிறார். நான் விடுகிற ஆள் இல்லை. "ஜீப்பை முன்பக்கம் கொண்டு வாருங்கோ" என்றேன். "பின்கதவால காத்துக் குடுக்கிறேல்லை." சாரதி நானாவைப் பார்த்தார். நானா மெஷினைப் பார்த்தார். கடைசியில் ஜீப் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, கடை வாசலில், வெயிலில், பெயர் தெரிய நின்றது.

ஆறு சிலிண்டர். நானா எப்போதும் போலத்தான் நிரப்பினார், ஒரு நிமிஷமும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தச் சுணக்கத்தை வாழ்க்கையில் முதல்முறையாக நான் ரசித்தேன். சந்தைக்குப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நங்கூரம் எடுக்க நானாவைக் கூப்பிடுகிற படகுக்காரர் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தினார்கள். விசாரணை அறையில் சிரித்தவர்களில் ஒருவர் பத்திரிகை வாங்க வந்து, ஜீப்பின் கதவை வாசித்துவிட்டு, கூட்டத்துக்குள் வந்து நின்றார். நானா முதல் சிலிண்டரில் தன் குழாயைப் பூட்டி, வாங்கில் உட்கார்ந்து, மூக்கைப் பொத்தினார்.

"பாத்தீங்களோ, வாய் வைக்கிறார்" என்று சாரதியிடம் சொன்னேன். "உங்கட மனேஜர் அருவருப்பெண்டு எழுதினவரெல்லோ. இதைக் கொண்டுபோய் முதலாளியின்ட பிள்ளையளுக்கு எப்பிடிக் குடுக்கப் போறியள்?"

அந்த மனிதர் வேர்வையைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல், மெல்லிய குரலில் சொன்னார்.

"மனேஜர்தான் மிஸ்ஸி சொல்லிவிட்டவர். ஒவ்வொரு சிலிண்டரிலையும் நானா பத்து மூச்சு இழுக்கிறதைக் கண்ணால பாத்திட்டுத்தான் கொண்டு வரவேணுமாம். இழுக்காததை ஏத்தக்கூடாதாம்."

நான் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன். "இவையளுக்கும் கேக்கட்டும்."